ஆம்பூர்க் காற்றில் முந்துவது எது? மூக்கின் துணைகொண்டு ஓர் ஆய்வு

ஆம்பூரில் பேருந்தை விட்டு இறங்குகிறவரை இரண்டு வாசனைகள் வரவேற்கும். ஒன்று சீரகச் சம்பா பிரியாணி, மற்றது டேனரி. இவற்றில் எது முந்தும் என்ற கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. ஆய்வுக் கருவி: சளி பிடிக்காத மூக்கு ஒன்று.

முதலில் ஏட்டுக் கணக்கு. வாயு என்பது ஓயாமல் ஓடும் துகள்களின் கூட்டம். ஒரே வெப்பநிலையில் எடை குறைந்த துகளே வேகமாக ஓடும். டேனரியில் தோலின் சுண்ணாம்பைப் போக்க அம்மோனியம் உப்பு போடும்போது அம்மோனியா கிளம்புகிறது. 27 டிகிரியில் அதன் மூலக்கூறு வினாடிக்குச் சுமார் 660 மீட்டர் பறக்கும். பிரியாணிக் கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலுக்குக் கனத்த உடம்பு, 210 மீட்டர்தான். வேலூர் வெயில் கைகொடுக்காதா? 42 டிகிரிக்கு ஏறினாலும் வேகம் இரண்டரை சதவீதமே கூடும். வெயிலைச் சொல்லிப் பெருமைப்படும் வேலூர்க்காரர்கள் பொறுத்தருள்க.

ஆக, ஏட்டின்படி வெற்றி டேனரிக்கே. ஆனால் இத்தனை வேகமென்றால், குழியில் கிளம்பிய வாடை மறு வினாடியே ஊர்க்கோடியை எட்ட வேண்டுமே? இதே ஐயத்தை 1858இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர், வாயுத் துகள்களின் வேகத்தைக் கணக்கிட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸிடம் கிளப்பினார். பாலட் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு போட்ட தோல்களின் கழிவிலிருந்து கிளம்பும் அதே வாயு. அவர் ஆம்பூர்ப் பக்கம் தலைவைத்துப் படுத்ததாகத் தகவல் இல்லை.

கிளாசியஸின் பதில் எளிது. துகள் நேரே போவதில்லை, முட்டிக்கொண்டே போகிறது. காற்றில் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரம்ஜானுக்கு முந்தின நாள் கடைத்தெருவில் அவசரமாக நடப்பவர் கதிதான். அசையாத காற்றில் ஒரு மீட்டர் பரவவே மணிக்கணக்காகும். ஊருக்குள் வாடையைத் தூக்கி வருவது காற்றோட்டமே.

இங்கேதான் பிரியாணி ஜெயிக்கிறது. மூடியின்மேல் கங்கு, கீழே தணல். உள்ளே சூடேறிய நீராவித் துகள்கள் மூடியை மொத்திக்கொண்டிருக்கும். "தம் திறந்தாச்சா பாய்?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வாய் தேவையில்லை. மூடி விலகியதும் ஆவி மொத்தமாக எழும்பி, காற்றோடு தெருவுக்கு வந்துவிடும். டேனரி வாடையோ நாள் முழுக்க ஒரே சீராக வருவது. உள்ளூர் மூக்கு அதை எப்போதோ கணக்கிலிருந்து தள்ளிவிட்டது.

ஆய்வுக் கருவி பற்றி ஓர் எச்சரிக்கை, இதில் விளையாட்டில்லை. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழிக்குள் தங்கும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டதென்று நம்பிக் கழிவுத் தொட்டிக்குள் யாரும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள்.