கவாத்து மீமாம்சை

ரோஜாச் செடியின் கிளைகளைக் கழித்துவிடுவதற்கும், போலீஸ்காரர்கள் மைதானத்தில் வரிசையாய் நின்று காலெடுத்து வைப்பதற்கும் நம் பாஷையில் ‘கவாத்து’ என்னும் ஒரே சொல் வழங்கி வருவதன் காரணம், அவரவர் இஷ்டப்படி கைகால் நீட்டுவதை ஒழுங்குக்குக் கொண்டுவருதலே இரண்டின் பிரயோஜனமும் என்பதாயிருக்கலாம் என்பது அடியேன் துணிபு. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கிய கபிலரும் ரோஜாவைச் சொல்லாது விட்டமையால், இவ்விஷயத்தில் பிரத்தியட்சத்தையே நம்பவேண்டியிருக்கிறது.

கிளை நுனியிலுள்ள குருத்து, ஆக்ஸின் என்னும் ரசத்தைக் கீழே அனுப்பி, ஹெட் கிளார்க் நாற்காலியில் இருக்குமட்டும் குமாஸ்தாக்கள் தலைதூக்காதவாறு, பக்கத்துக் கணுக்களை உறங்க வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பருக்குள், சென்ற பருவத்துக் கிளைகளைப் பாதியாகக் குறைத்து, காய்ந்ததும் நோயுற்றதும் ஒன்றோடொன்று உராய்வதுமான குச்சிகளை அடியோடு களைந்து, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே நீர் தங்காதபடி சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசையோ, அது கிட்டாதவிடத்து எங்கள் தெரு வழக்கப்படி ஒரு பொட்டுப் பசுஞ்சாணியோ அப்பிவிட்டால், ஏறக்குறைய 45 நாளில் பூக்கும். வெட்டுவாய் பழுப்பாயிருந்தால் வெண்மை தெரியும் வரை இறங்கி வெட்டவேண்டும், அவ்வளவே.

அரைமணி நேர வேலை. அப்படியிருக்க, எங்கள் கொல்லைப் பன்னீர் ரோஜா மூன்று வருஷம் கத்தி படாமல் மதிலுக்கு மேல் தலைநீட்டி நின்றதேன் என்பதே இவ்வாராய்ச்சியின் பிரதான வினா. பூர்வபட்சம் என் தமக்கையாருடையது. “இதோ ஒரு மொட்டு விட்டிருக்கே, பூத்து முடியட்டும்டா, அப்புறம் வெட்டேன்” என்றார். காத்திருந்தேன். அம்மொட்டு மலர்ந்து உதிர்ந்த அன்றே அடுத்த குச்சியில் மற்றொன்று தலைகாட்டியது. மொட்டுள்ள செடியை வெட்டலாகாது என்பது வீட்டு விதி. ரோஜாவில் எப்போதும் ஏதாவதொரு மொட்டு உண்டு என்பது பிரத்தியட்சம். ஆதலால் ரோஜாவை ஒருகாலும் வெட்டலாகாது என்பது அனுமானம். தர்க்க சாஸ்திரத்தில் நான் தேடிய கண்டனம் அகப்படவில்லை. மூன்றாம் வருஷத்தில் மொட்டுக்கள் கொண்டைக்கடலை அளவுக்குச் சுருங்கியும் தமக்கையார் சித்தாந்தம் சுருங்கவில்லை.

கண்டனம் ஆட்டின் ரூபத்தில் வந்தது. கொல்லைக் கதவு திறந்து கிடந்த ஒரு கார்த்திகைப் பிற்பகலில், எதிர் வீட்டு ஆடு நுழைந்து, வெளிநோக்கிய கணு, சாய்வு வெட்டு முதலிய நியமங்களில் ஒன்றையும் அநுசரியாமல், இலை, இளங்குச்சி, மொட்டு ஆகிய அனைத்தையும் மேய்ந்துவிட்டுப் போயிற்று. முள்ளும் கழியுமாய் எஞ்சியதில் மொட்டென்று ஒன்றும் இல்லாமையால் ஆட்சேபத்துக்கு இடமின்றிப் போக, மறுநாள் காலை நான் முறைப்படி கவாத்து செய்தேன். 10-ஆம் நாள் கணுக்களில் குன்றிமணி அளவில் சிவந்த கண் விட்டது.

நேற்று 47-ஆம் நாள். செடியில் 11 பூ. முதற்பூவைத் தமக்கையார் சுவாமி படத்துக்குச் சாத்தினார்; இரண்டாவதை ஆட்டுக்காரியின் கொண்டையில் செருகினார்.