புள்ளிக்கு வந்த மவுசு

மேல்வீட்டுக்காரர் பெங்கால் பூனை வாங்கியதிலிருந்து எனக்குப் படியேறவே பயம். பூனை கடித்துவிடும் என்றல்ல, அவர் பிடித்துக்கொள்வார் என்று. இன்று காலையிலும் பால் பாக்கெட்டும் கையுமாகச் சிக்கினேன். “சார், ரொசெட்டைப் பாருங்க.” பார்த்தேன். “ஓரத்துல கறுப்பு கட்டியிருக்கு பாருங்க.” அதையும் பார்த்தேன். சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் உங்கள் போனிலும் பூனை தூங்குகிற படம் நாற்பதாவது இருக்கும்.

முதலில் இந்தப் புள்ளி விவகாரம்.

ஒரே நிறத்தில் இருந்தால் அது வெறும் புள்ளி, மதிப்பு கம்மி. உள்ளே ஒரு நிறம், ஓரத்தில் அதைவிடக் கறுத்த நிறம் என்றால் ரொசெட். ஓரம் முழு வட்டமாக மூடினால் டோனட். மூடாமல், ஒரு பக்கம் மட்டும் குட்டிப் புள்ளிகள் ஒட்டி நின்றால் பாதச்சுவடு. முனை கூராகி வால் பக்கம் நீண்டால் அம்பு. புள்ளியே கிடையாது, சுழித்துச் சுழித்து ஓடுகிறதா, அது மார்பிள். எல்லாம் சிதறலாகவோ படுக்கைவாட்டிலோ போக வேண்டும். விலாவில் நெட்டுக்குக் கோடு இறங்கினால் தெருப்பூனை ஜாடை வந்துவிடுமாம். வயிற்றிலும் புள்ளி இருந்தே தீர வேண்டும். அதற்காக அந்தப் பிராணியை மல்லாக்கப் புரட்டி, மார்கழிக் கோலத்துக்கு எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். அது தலைகீழாக என்னைப் பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்தான் ஓடியிருக்கும். குட்டியில் சில மாதம் சாம்பல் பூத்தாற்போல் முடி எழும்பிப் புள்ளியெல்லாம் மங்கிவிடுமாம். அந்தச் சமயத்தில் நான் வெளியூரில் இருந்து தொலைத்தேன்.

என் உடம்பிலும் புள்ளி உண்டு, அம்மை போட்டது. படுக்கைவாட்டில்தான் இருக்கிறது. ஒருவரும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் மூலகாரணம் ஜீன் மில் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1963-ல் காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையோடு வீட்டுப் பூனையைச் சேர்த்துப் பார்த்தார். இருபது வருஷம் கழித்தும் விடவில்லை. டெல்லி மிருகக்காட்சிசாலையில் காண்டாமிருகத்தின் இடத்தில் குடியிருந்த ஒரு செம்பூனையைக்கூட விமானம் ஏற்றிக்கொண்டு போனார். இந்த இனத்தின் முடியில் வெயில் பட்டால் தெரிகிற தங்க மினுமினுப்பு அந்த டெல்லிக்காரர் கொடுத்த சீதனம் என்பார்கள். காண்டாமிருகத்தை யாரும் விசாரிக்கவில்லை.

மற்ற லட்சணங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: சின்னக் காது, நுனி உருண்டை, காதின் பின்புறம் வெள்ளைப் பொட்டு, மீசை முளைக்கிற இடம் உப்பல், தடித்த வால், கறுப்பு நுனி, முன்காலைவிடப் பின்கால் கொஞ்சம் உயரம். காட்டு ரத்தத்திலிருந்து நாலு தலைமுறை தள்ளியிருந்தால்தான் போட்டியில் சேர்ப்பார்கள். பார்க்கப் புலி மாதிரி இருக்க வேண்டும், மடியில் உட்கார வேண்டும், சோபாவைக் கிழிக்கக் கூடாது. மனிதனுக்கு ஆசையைப் பாருங்கள்! அசல் சிறுத்தைப் பூனை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. அதை வீட்டில் வைத்தால் வனத்துறை வந்து நம்மைக் கூண்டில் ஏற்றும்.

இந்த இனத்துக்குத் தண்ணீர் என்றால் உயிராம். நாளைக்குக் குழாயைத் திறந்துவிட்டு ஆடக் காட்டுகிறேன் என்றார். மேல்தொட்டி பத்து மணிக்கே எப்படிக் காலியாகிறது என்று ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் கேட்கத்தான் போகிறேன்.