மாடிப்படிச் சுவிட்ச்: ஒரு தருக்க ஆராய்ச்சி

வீட்டுச் சுவிட்சுகளை ஒன் வே, டூ வே, இன்டர்மீடியட் என மூவகைப்படுத்துவர் எலெக்ட்ரீசியன் மரபினர். காலிங்பெல் சுவிட்சையும் சேர்த்து நான்கென்பாரும் உளர். விரலை எடுத்ததுமே கட்சி மாறிவிடும் ஒன்றை வகையாகக் கொள்ள நாம் உடன்படவில்லை. 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்னும் பாகுபாடு கீசர் வைத்திருப்போர் கவலை.

ஒன் வேயில் ஆராய ஏதுமில்லை. நம் ஊரில் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். அமெரிக்காவில் இது தலைகீழ். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்து நிற்பதன் காரணம் இதுவே.

சிக்கல் மாடிப்படியில் தொடங்குகிறது. கீழே ஒரு டூ வே, மேலே ஒரு டூ வே, இடையில் ஒரே பல்பு. ஒவ்வொரு சுவிட்சுக்கும் முனை மூன்று. கீழ்ச்சுவிட்சின் நடுமுனைக்கு ஃபேஸ் வரும். மேல்சுவிட்சின் நடுமுனையிலிருந்து பல்புக்குப் போகும். எஞ்சிய முனைகளை இரண்டு ஒயர்கள் இணைக்கும். இரு சுவிட்சும் ஒரே ஒயரைப் பிடித்தால் எரியும். ஆளுக்கொன்றைப் பிடித்தால் எரியாது.

இதனால் பெறப்படுவது யாது? டூ வே சுவிட்சுக்கு ‘ஆன்’ என்றொரு நிலையே இல்லை. கீழ்நோக்கி இருந்தால் விளக்கு எரியலாம், எரியாமலும் இருக்கலாம். உண்மைக்குப் பல பக்கம் உண்டென்னும் சமணரின் அநேகாந்தவாதத்துக்கு 230 வோல்ட்டில் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

“ராத்திரி முழுக்க லைட் எரிஞ்சிருக்கு, யாரு அணைக்கல?” என்று அப்பா கேட்கும் கேள்வி தருக்கப்படி பிழையானது. கீழே மகனும் மேலே மருமகளும் ஒரே நேரத்தில் பொறுப்பாக அணைத்திருந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அணைத்தவர் இருவர், எரிந்தது ஒன்று, குற்றவாளி யாருமில்லை. இன்னொரு மாடி எழுப்பினால் நடுவில் இன்டர்மீடியட் வரும். நான்கு முனை கொண்ட அது, இரு ஒயர்களையும் நேராகவோ குறுக்காகவோ மாற்றிவிடும். மாடிக்கு ஒன்றாக எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். விசாரணை அந்த அளவுக்கு நீளும்.

பல்பு ஃபியூஸ் போனால்தான் இந்தத் தத்துவம் ஆபத்தாகிறது. இப்போது சுவிட்சைப் பார்த்தும் தெரியாது, பல்பைப் பார்த்தும் தெரியாது. ஹோல்டரில் கரண்ட் இருக்கிறதா என்பதற்குச் சாட்சியே இல்லை. ஆகவே மாடிப்படி பல்பை மாற்ற ஸ்டூலில் ஏறுமுன் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள்.