மலையேறும் வண்டி, மாம்பலத்து வாசம்

பனி உருகி ஓடும் ஸ்பிதி ஆற்றில் இறங்கி, கூழாங்கற்கள்மேல் உருண்டு, மறுகரை ஏறவல்ல வண்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தினமும் காலையில் அது மேற்கு மாம்பலத்தில் கீரைக்கட்டு வாங்கப் போகிறது.

பிக்கப் டிரக் என்பார்கள். முன்னால் நான்கு கதவுள்ள கார், பின்னால் திறந்த தொட்டி. காடு மேடெல்லாம் போகும் இந்த ரகத்தைச் சொந்த உபயோகத்துக்கு வாங்க நினைப்பவனுக்கு இந்தியாவில் அதிகம் தேட வேண்டியதில்லை. இசுசு வி-கிராஸ் 2016இல் வந்தது, டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல். என்னுடையது எது என்று சொல்லப்போவதில்லை. இனி வரும் புலம்பலெல்லாம் இந்த ரகத்தின் குணமும் என் ஜாதகமும் சேர்ந்து தரும் பலன். கம்பெனிக்காரர்களுக்கு இதில் பங்கில்லை.

இந்த ரக வண்டியின் நீளம் சுமார் 5.3 மீட்டர். அடுக்குமாடிகளில் ஒரு காருக்கென்று கோடு போட்டுக் கொடுக்கும் இடம் பொதுவாக 5 மீட்டர். மிச்சம் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரடியைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நடந்த விவாதம், இரண்டு மாநிலங்களுக்கிடையே நதிநீர்ப் பேச்சு நடக்கும் தோரணையில் நடந்தது. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர், தொட்டியைக் கழற்றி மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். அதில் துளசி வைக்கலாம் என்று அவர் மனைவி வழிமொழிந்தார்.

வண்டியைத் திருப்புவது அடுத்த சங்கதி. ஹைலக்ஸின் திருப்பு ஆரம் 6.4 மீட்டர். அதாவது ஒரே சுற்றில் திரும்ப ஏறக்குறைய 13 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் தெருவுக்கு அவ்வளவு அகலம் வேண்டுமானால் எதிர்ச்சாரி வீடுகள் ஹாலைக் காலி செய்ய வேண்டும். ஆகவே தெரு முழுக்க ரிவர்ஸிலேயே போகிறேன். இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, “லெஃப்ட்ல ஒடிங்க சார்… நேராக்குங்க… வரட்டும், வரட்டும்” என்று வழிகாட்டுகிறார். என்மேல் உள்ள பிரியத்தால் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அவருடைய தள்ளுவண்டி எனக்கு நேர் பின்னால் நிற்கிறது.

அம்மா ஏறுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தொட்டியில் நிரந்தரமாகப் பயணம் செய்கிறது. கோயில் வாசலில் அதை இறக்கி வைத்துக் கதவைத் திறந்தால், உள்ளேயிருந்து யாரோ மடாதிபதி இறங்கப்போகிறார் என்று நாலு பேர் ஒதுங்கி நிற்கிறார்கள். ஏறிய பிறகுதான் அம்மாவுக்கு உண்மையான சோதனை. பின்சக்கரங்களின்மேல் இருப்பவை லாரிக்குப் போடும் பட்டை ஸ்பிரிங்குகள். பாரம் ஏறினால்தான் அவை பதமாக வளையும். காலித் தொட்டியோடு வேகத்தடை ஏறினால் பின்சீட்டில் இருப்பவர் சற்று நேரம் அந்தரத்தில் தங்கிவிட்டு வருவார். “மாட்டு வண்டியே தேவலைடா” என்றார் அம்மா.

“வெயிட் போடுங்க சார், அடங்கும்” என்றார் மெக்கானிக். மணல் மூட்டைகள் வாங்கிப் போட்டேன். வண்டி அடங்கியது, மனைவி அடங்கவில்லை. “ஏங்க, லட்சம் லட்சமா கொட்டி வாங்கினது மணல் சுமக்கவா? வெயிட்டுதானே வேணும்? எங்க அண்ணன் வீட்டுக்கு அரிசி மூட்டை போகணும், அதைப் போடுங்க.” வினை இங்கேதான் விதைக்கப்பட்டது. அரிசி போகும் செய்தி அரிசிக்கு முன்பே சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. நவராத்திரிக்குக் கொலுப்படி, தையில் கரும்புக்கட்டு, கல்யாணத்துக்கு வாழைமரம், மச்சினன் வீடு மாற்றியபோது அவன் குடும்பமே. ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டுவந்த சித்தப்பா இப்போது ‘சனிக்கிழமை ஃப்ரீயா?’ என்றுதான் போனை ஆரம்பிக்கிறார்.

வீரத்துக்கென்று வண்டியில் ஒரு திருகு உண்டு. இரண்டு சக்கரத்திலிருந்து நான்குக்கும், பிறகு மலையையே இழுக்கும் மெதுநடைக்கும் மாற்றலாம். அதைத் திருகத்தான் நான் வாங்கியதே. ஆனால் இந்த வண்டிகளில் நான்கு சக்கர ஓட்டத்தின்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பிணைக்கப்பட்டுவிடும். வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓடவேண்டும்; மணலிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் எந்திரம் முனகும். ஆகவே ஊருக்குள் தொடாதே என்கிறது கையேடு. சேற்றைத் தேடி நான் அலைந்த அலைச்சலை நெல் நடவுக்காரர்கூட அலைந்திருக்க மாட்டார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறார்கள்; எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான். மழைக்கோட்டு மாட்டி, சாவியைச் சுழற்றிக்கொண்டு கீழே போனேன். என் வண்டிக்கு முன்னால், வெளியே போகும் வழியில், சங்கச் செயலாளரின் குட்டிக் கார் தண்ணீரில் உயிரைவிட்டு நின்றது. அது நகர்ந்தால்தான் நான் நகர முடியும். படியில் நின்று பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.

2024 அக்டோபரில் விடவில்லை. ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். நான் வண்டியை முந்தைய இரவே வாசலுக்கு நேராக நிறுத்தி, கயிறு, டார்ச், பிஸ்கட் எல்லாம் ஏற்றிக் காத்திருந்தேன். ரெட் அலர்ட் சொன்ன 16ஆம் தேதி மழை ஏமாற்றிவிட்டது. பிஸ்கட்டைப் பையன் தின்றான்.

போன வாரம் ஒரு மரச்சாமான் கடை வாசலில் மனைவியோடு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். “அண்ணே, குரோம்பேட்டைக்கு ஒரு பீரோ. எவ்வளவு?” இது வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோகம், வாடகைக்கு ஓட்டினால் சட்டப்படி குற்றம், இமயமலைக்கென்றே உருவான வண்டி என்றெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பக்கத்து சீட்டிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள். “ஏத்தி இறக்க ஆள் உங்களோடதுதானே?”