சி.எஸ்.இ. ஃபுல், சார்!

நாவலூர் சுங்கச்சாவடியில் 2023 அக்டோபரில் வசூலை நிறுத்தினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் போய்வருகிறவர்கள் பட்டாசு வெடிக்காத குறைதான். அந்தச் சாலையின் பெரிய வசூல் நிற்கவில்லை. அது ஏப்ரல், மே மாதங்களில் கைப்பேசி வழியாக நடக்கிறது. சுங்கம் கட்டுவதற்காவது வண்டி வைத்திருக்க வேண்டும். இதற்கு வீட்டில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை இருந்தால் போதும்.

சோழிங்கநல்லூரில் கிளம்பி நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று தெற்கே போய், வண்டலூர் வழியாகத் தாம்பரம் திரும்பினால் வழிநெடுகக் கல்விதான். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், சுயநிதிக் கல்லூரிகள், அவற்றின் பேருந்துகள், அவற்றின் விளம்பரப் பலகைகள். நடுவே சிறுசேரி ஐ.டி. பூங்கா, பெற்றோர் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு அடுத்த வளாகத்துக்குப் பணம் கட்டப் போவதற்கு வசதியாக அமைந்திருக்கிறது.

போன் வரும்.

"சார், தம்பி எங்க என்ட்ரன்ஸ்ல சூப்பர் ரேங்க். கங்கிராட்ஸ்! ஆனா சி.எஸ்.இ. ஃபுல் சார். பயோடெக் தர்றோம், நல்ல ஸ்கோப். இல்லேன்னா சி.எஸ்.இ.லயே ஒரு ஸ்பெஷலைசேஷன் இருக்கு, ஃபீஸ் மட்டும் கொஞ்சம் கூட. இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கட்டிட்டா சீட்டை பிளாக் பண்ணிடுறேன்."

இதிலுள்ள கருணையைப் பாராட்ட நமக்கு வாய் போதாது. பையன் கம்ப்யூட்டர் கேட்டான். அவன் உள்ளுக்குள் ஓர் உயிரியல் விஞ்ஞானி தூங்கிக்கொண்டிருப்பதைப் பெற்ற தாய் பதினேழு வருஷம் கவனிக்கவில்லை. முகம் பார்க்காத ஒருவர் மூன்றே நிமிடப் பேச்சில் கண்டுபிடித்துவிட்டார். அந்த விஞ்ஞானி சாயந்திரம் அஞ்சு மணிக்குமேல் செத்துப்போவான் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பயோடெக் மட்டமான படிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதை ஆசைப்பட்டுக் கேட்டு வருகிறவன் இருக்கிறான். அவன் பக்கத்தில், வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்ட நாற்பது பேரை உட்கார வைப்பது அந்தப் படிப்புக்கே செய்கிற அவமரியாதை. ஆனால் கல்லூரியின் கணக்கில் இருவரும் ஒன்றுதான்: நிரம்பிய நாற்காலி. கேட்டது கிடைக்காதபோது நீட்டப்படும் இந்த இன்னொரு படிப்பு, மாணவனின் எதிர்காலத்தை யோசித்து வந்ததல்ல. எந்த வகுப்பு காற்று வாங்குகிறது என்று பார்த்து வந்தது.

அதே படிப்பையே மாற்றாகத் தருகிற சாமர்த்தியமும் உண்டு. ரேங்க் இறங்க இறங்கக் கட்டணம் ஏறும் ஏற்பாடு நம் ஊரில் பகிரங்கமாகவே நடக்கிறது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே பாடம். முன்வரிசைப் பையன் ஒரு விலை, பின்வரிசைப் பையன் அதைப்போல இரண்டு மடங்கு. 1992-லேயே நன்கொடை வசூலைத் தடுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. வசூலும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

சரி, சி.எஸ்.இ. எப்படி ஃபுல் ஆகும்? ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டிலிருந்து தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கட்டடமும் ஆசிரியரும் இருந்தால் எத்தனை இடம் வேண்டுமானாலும் கேட்கலாம். சிவிலையும் மெக்கானிக்கலையும் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பெருக்கினார்கள். அதற்குச் செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி, டேட்டா சயின்ஸ் என்று பின்னொட்டுகள். நேற்றுவரை ஒரு படிப்பு, இன்று ஆறு படிப்பு. பாடம் நடத்துகிறவர் நேற்றைய அதே ஆள்.

ஆசிரியர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது: அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாக. துணைவேந்தரே பிறகு கணக்குச் சொன்னார்: சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேர். ஆளுக்குப் பத்து நாற்காலி! சித்தர்களுக்குக் கூடுவிட்டுக் கூடு பாயத் தெரியும் என்பார்கள். ஒரே சமயத்தில் பத்துக் கூட்டில் இருக்க அவர்களுக்கே தெரியாது. இது ஒருவர் கண்ணிலும் படாமல் ஆண்டுதோறும் ஆய்வு நடந்து அங்கீகாரம் புதுப்பிக்கப்பட்டது என்றால், ஆய்வுக்கு வந்தவர்களுக்குக் கண் இருந்ததா, அல்லது கண் மட்டும் வேறு கல்லூரியில் வேலை பார்த்ததா?

இப்போது அந்த அஞ்சு மணிக்கு வருவோம். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு ஜூலையில்தான். 2024-இல் பொதுப்பிரிவு தொடங்கியதே ஜூலை 29. அதற்குள் பெற்றோரின் பணமும் மனமும் வேறிடத்தில் பூட்டப்பட்டுவிட வேண்டும். அவசரத்தின் ரகசியம் அவ்வளவுதான். அரசு கலந்தாய்வில் இடம் ஒதுக்கியபிறகும் யோசிக்க அவகாசம் தருகிறார்கள். ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டே மேலான இடத்துக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டு மேலே பார்க்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகிக்கொள்ளலாம். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மனிதனை மனிதனாக நினைத்து நாள் கணக்கில் யோசிக்க விடுகிறது. போனில் வரும் கருணைக்கோ மணிக்கணக்குதான்.

அவசரத்தில் பறிபோவதை யாரும் சொல்வதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரம் வழியாகப் போனால்தான். அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். செங்கல்பட்டுப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணின் அப்பா, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துத் தனியாரிடம் கட்டிவிட்டு வந்தால், அவளுக்கு இலவசமாகக் கிடைக்கவேண்டிய நாலு வருஷத்தை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்வது யார் வேலை? பள்ளியின் வேலை என்று கல்வித்துறை சொல்லும். பள்ளிக்கோ தேர்ச்சி சதவீதம்தான் கவலை.

"கட்டிட்டா திரும்பக் கிடைக்காது சார்" என்று அடுத்த அஸ்திரம் வரும். பொய். 2024-25க்கு யூ.ஜி.சி. தெளிவாகச் சொன்னது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத்தொகை, அக்டோபர் 31 வரை விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தரவேண்டும் என்று 2018-லேயே அறிவித்தாயிற்று. விதியை எழுதியவர்கள் தில்லியில் இருக்கிறார்கள். சான்றிதழ் இருக்கும் அலமாரியின் சாவி இங்கே இருக்கிறது.

நம்மையும் விட்டுவைக்கக்கூடாது. பையன் என்ன படிக்கிறான் என்று பக்கத்து ஃப்ளாட் மாமா கேட்டால் மூன்று எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகப் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை வேலையைவிட்டு அனுப்பப்போவதாக அறிவித்தது. சிறுசேரிப் பக்கம் அன்று டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. அட்மிஷன் வரிசை மட்டும் ஓர் ஆள்கூடக் குறையவில்லை.

போனில் நீட்டும் இடத்தை ஏற்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு சோதனைதான் உண்டு. அடுத்தமுறை போன் வந்தால் கோபப்படாதீர்கள். "பிரிவின் முழுப்பெயர், ஏ.ஐ.சி.டி.இ. அனுமதித்த இடங்களின் எண்ணிக்கை, நாலு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தக் கட்டணம், விலகினால் எவ்வளவு திரும்ப வரும், இந்த நாலையும் கையெழுத்தோடு அனுப்புங்கள்" என்று கேளுங்கள்.

"கண்டிப்பா சார், இப்பவே வாட்ஸ்அப் பண்றேன்" என்பார்கள். வாக்குத் தவறமாட்டார்கள், உடனே வரும். நீச்சல் குளத்தின் போட்டோ.