பங்கு மட்டும்தான் பேசணுமாம்!

ஏ மருமவப்பிள்ளே, இங்கன வாரும். அந்தப் போனைச் செத்த கீழ வச்சிட்டுத் திருணையில இரும். ஒம்ம பங்குக்காரச் சேக்காளிங்க கூட்டத்துக்கு நீரு ஒரு சட்டம் போட்டிருக்கீராமே? ‘இங்கே பங்குச் சந்தையைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது’ன்னு. கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கல்யாண வீட்டுல தாலி கட்டுததைத் தவிர வேறெதுவும் நடக்கக் கூடாது, பந்தி கிந்தி போட்டா தொலைச்சிருவேன்னு மாப்பிள்ளையே வந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு.

ஒம்ம வருத்தம் எனக்குத் தெரியாமலா? நானும் அந்த டீக்கடையிலதான கெடக்கேன். மூணரைக்குச் சந்தை மூடுனதும் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் வந்து கூடுதீங்க. மொதல்ல ரெண்டு வார்த்தை நிஃப்டி, பேங்க் நிஃப்டி. அதுக்குள்ள ஒருத்தன் பாவநாசத்துல எத்தனை அடி தண்ணி கெடக்குங்கான். 143 அடி கொள்ளுத அணைல்லா, பாதிகூட இல்லையேங்கான் இன்னொருத்தன். மணிமுத்தாறுக்கு 118 அடிம்பான் மூணாவது ஆளு. அதுலருந்து கார் நடுவை, அதுலருந்து எவன் வீட்டு மறுவீட்டுல சொதி நல்லாருந்துச்சு, அதுலருந்து இருட்டுக்கடையில சாயங்காலம் வரிசை எதுவரைக்கும் நின்னுது. ஒமக்கு வயிறு எரியுது. ‘நல்ல பங்கா ஒண்ணு சொல்லுங்கன்னா அல்வாவப் பத்திப் பேசுதானுவளே’ன்னு. நல்ல பங்குன்னு ஒருத்தன் சொல்லிக் குடுக்கதும் பாதி நேரம் அல்வாதான் வே. கடை அல்வால நெய்யாவது வடியும்.

சரி, அந்த மைதானத்துக்கு யாரு பேரை வச்சிருக்கு? செக்கிழுத்தவுக, கப்பலோட்டுனவுகன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீரு. அவுக பங்கும் வித்தாவ, அது தெரியுமா? 1906 அக்டோபர்ல தூத்துக்குடியில சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மொதல் 10 லட்சம் ரூவா. 25 ரூவா வீதம் 40,000 பங்கு. ஆசியாக்காரன் எவன் வேணும்னாலும் வாங்கலாம், வெள்ளைக்காரனுக்குக் கெடையாது. டீமேட் இல்ல, ஆப் இல்ல. பம்பாய் வரைக்கும் போயி, பேசிப் பேசியே துட்டு சேத்தாவ. என்ன பேசியிருப்பாவங்கீரு? பி.ஈ. ரேஷியோவா?

மறுவருசமே ‘காலியா’, ‘லாவோ’ன்னு ரெண்டு கப்பலு வந்துட்டு. வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குப் போவ ஒரு ரூவான்னு கட்டணத்தக் கொறச்சான். நம்மாளு அரை ரூவான்னாவ. அவன், சும்மாவே ஏறு, எறங்கும்போது கொடையும் தாரேன்னான். இன்னைக்கு ஒம்ம போன்ல ‘புரோக்கரேஜ் கெடையாது, கணக்குத் தொறக்கது இலவசம்’னு ஒருத்தன் வாரானே, மருமவப்பிள்ளே, அது அந்தப் பழைய கொடைதான். துணி மட்டும் மாத்தியிருக்கான்.

இனிமேதான் சங்கதி. 1908 பிப்ரவரி கடைசியில தூத்துக்குடி கோரல் மில்லுத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம். வக்கீலான நம்ம வ.உ.சி. அப்ப கப்பல் கம்பெனிக்கு உதவிச் செயலாளர். ஒழுங்காக் கப்பல் சோலியப் பாத்தாவளா? தொழிலாளி பக்கம் போயி நின்னு அவன் கூலியப் பத்திப் பேசுனாவ. கூலியும் கூடிச்சு. மார்ச் 12-ஆம் தேதி கைது. மறுநாள் திருநவேலியே பத்தி எரிஞ்சுது, துப்பாக்கிச் சூட்டுல நாலு பேரு செத்தாவ. இப்ப ஒம்ம சட்டத்தை எடுத்து விரியும். பங்குக் கம்பெனி ஆளு, பங்குக்குச் சம்பந்தமே இல்லாத பேச்சு பேசியிருக்காவ. மொத ஆளா யாரக் கூட்டத்தை விட்டு நீக்கணும்? வ.உ.சி.யத்தான். நீக்கும். நீக்கிட்டு அவுக பேர்ல உள்ள மைதானத்துப் பக்கமே நின்னு டீயும் குடியும், ஒமக்குக் கூச்சமா என்ன?

அந்தக் கம்பெனிய 1911-ல மூடுனாவ. கப்பலைப் போட்டிக்காரன்கிட்டயே வித்ததுதான் கொடுமை. வ.உ.சி. அப்ப செயில்ல. பங்கு மட்டும் பாத்தவனுக்கு 25 ரூவா போச்சு. மத்த பேச்சையும் காதுல வாங்குனவன் நட்டக் கணக்கு எழுதல வே.

நூறு வருசத்துக் கதைய விடும். தாழையூத்துக்குப் போயிருக்கீரா? கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்க ஐயரு முன்ன நின்னு 1946-ல ஆரம்பிச்ச கம்பெனி இந்தியா சிமெண்ட்ஸ். 1949-ல அங்கன சங்கர்நகர்ல ஆலை ஓட ஆரம்பிச்சுது. நம்ம பக்கத்துல அந்தப் பங்குப் பத்திரத்த ட்ரங்குப் பொட்டிக்குள்ள பாச்சா உருண்டை போட்டுப் பாதுகாத்த வீடு உண்டு. 2008-ல அந்தக் கம்பெனி சென்னை கிரிக்கெட் அணிய வாங்கிச்சு. சிமெண்டுப் பங்கு வச்சிருந்த பெருசுங்க என்னா பொரும்பு பொரும்புனாவ! ‘சுண்ணாம்புக்கல்லு நோண்டுதவனுக்கு மட்டை எதுக்கு’ன்னு. ஒம்ம கூட்டத்துல எவனாவது தோனியப் பத்திப் பேசுனா நீரு என்ன சொல்லுவீரு? ‘ஏலே, சிமெண்டைப் பேசு.’ பெறவு என்னாச்சு? அணியத் தனிக் கம்பெனியாப் பிரிச்சாவ. சிமெண்டுப் பங்கு வச்சிருந்தவனுக்குக் கிரிக்கெட் பங்கும் கெடச்சுது. 2024 டிசம்பர்ல சிமெண்டுக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்கு மாறிட்டு. கிரிக்கெட்டு மாறல. எது சோலிப் பேச்சு, எது வெட்டிப் பேச்சுன்னு எந்தப் படிக்கல்ல வச்சு நிறுப்பீரு?

பம்பாய்ச் சந்தையும் 1850-கள்ல ஆலமரத்தடியில கூடி நின்னு பேசுன புரோக்கருங்க கூட்டம்தான். 1875-ல தான் சங்கம்னு ஆச்சு. மரத்தடியில நாலு பேரு நின்னா மழையப் பத்தியும் சம்பந்தத்தப் பத்தியும் பேசாமலா இருந்திருப்பான்? ஒம்மள மாதிரி ஒருத்தரு அங்கன போயிச் சட்டம் போட்டிருந்தா மரம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போ சந்தையக் கண்காணிக்குத செபி கணக்குக்கு வாரும். 2024 செப்டம்பர்ல அவுக ஒரு அறிக்கை விட்டாவ. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்னு ஆடுத தனி ஆளுங்க ஒரு கோடிக்கு மேல. மூணு வருசக் கணக்குல நூத்துக்கு 93 பேரு நட்டம். எல்லாத்தையும் கூட்டுனா 1.8 லட்சம் கோடி ரூவாக்கு மேல போயிருக்கு. நானும் டீக்கடையில ஒவ்வொருத்தனாக் கேட்டுப் பாத்தேன். ‘எப்படிடே போவுது?’ ‘கொறையில்ல அண்ணாச்சி, இந்த மாசம் பச்சைதான்.’ எல்லாவனும் பச்சை. அப்ப அந்த 93 பேரும் எந்த ஊருல இருக்கான் வே? மதுரையிலயா? திருநவேலிச் சீமையில ஒருத்தன்கூட இல்லையே!

இருக்கான். பங்குப் பேச்சுல கெடைக்க மாட்டான், வெட்டிப் பேச்சுல கெடைப்பான். நீரு தடை போட்ட பேச்சுலதான் நெசமான கணக்கு இருக்கு. கேட்கதுக்குக் காது வேணும்.

‘வண்டிய வித்துட்டேன் அண்ணாச்சி, டாக்டரு நடக்கச் சொன்னாரு’ன்னு ஒருத்தன் சொன்னாம்னா, டாக்டரு சொல்லல, மார்ஜின் சொல்லிருக்கு. ‘பொம்பளையாளு பொறந்த ஊருக்குப் போயிருக்கா, அம்பாசமுத்திரத்துல கோயில் கொடை’ன்னு சொல்லுதான். எந்தக் கொடை வே மூணு மாசம் நடக்கு? நகை அடகு வச்ச சீட்டு அவ கையில மாட்டியிருக்கும். டவுனுக்குப் போனா கிலோக் கணக்குல அல்வா வாங்குதவன் திடீர்னு ‘சுகர் ஏறுது, இனிப்ப விட்டுட்டேன்’ங்கான். சுகர் ஏறல, வேற ஒண்ணு எறங்கிருக்கு. ஒருத்தன் ஆளே மாறி, குறுக்குத்துறையில காலையில குளிச்சிட்டு விபூதியோட வாரான், முருகா முருகாங்கான். ரிசல்ட்டு வந்த வாரம் எதுன்னு பாத்துக்கோரும்.

இதுக்கெல்லாம் சிரிக்கீரு. சிரியும். நம்ம கூட்டத்துல ஒருத்தன் ரெண்டு நாளா ஆத்துத் தண்ணியப் பத்திக்கூடப் பேசாம டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தான். ஒம்ம சட்டப்படி அவன் நல்ல உறுப்பினரு, வேறெதுவும் பேசலல்லா? பக்கத்துல இருந்தவன்தான் கேட்டான், ‘ஏடே, சாப்பிட்டியா?’ன்னு. அம்புட்டுத்தான், பொலபொலன்னு கொட்டிட்டான். வீட்டுல சொல்லாம கடன் வாங்கி ஆடிருக்கான். அன்னைக்கே நாலு பேரு போயி அவங்க அப்பாகிட்டப் பக்குவமாப் பேசி, கணக்கை மூட வச்சாவ. எந்தப் பங்கு ஏறும்னு கேட்டிருந்தா அவன் அதையும் சொல்லிட்டுத்தான் போயிருப்பான்.

இன்னொண்ணு கவனிச்சீரா? ஒங்க போன் கூட்டத்துல ஒருத்தன் இருக்கான். கெழமை தவறாம ‘நாளை இந்தப் பங்கு பறக்கும்’னு எழுதுதான். வாரே வா. ஆனா அவன் ஊரு எது? தெரியாது. யாரு மவன்? தெரியாது. மழை பெஞ்சுதா, ஆனித் தேருக்கு வந்தானா, அவனுக்கு ரசவடை பிடிக்குமா சொதி பிடிக்குமா, ஒண்ணுங் கெடையாது. சுத்தமாப் பங்கு மட்டும் பேசுதான். ஒம்ம சட்டத்துக்கு அவன் ஒருத்தன்தான் அடங்குதான் வே! எனக்கு அவன் மேலதான் பயம். ஆருத்ரான்னு ஒரு கம்பெனி, மாசத்துக்கு நூத்துக்கு 25, 30 வட்டின்னு சொல்லி ஒரு லட்சம் பேருகிட்டத் துட்டு வாங்குச்சு. 2,400 கோடி ரூவாக்கு மேல. 2022-ல பிடிபட்டுது. வட்டியப் பத்தி மட்டும் பேசுனவன்கிட்ட, ‘அய்யா, அப்படி என்ன யாவாரம் நடத்துதீய? ஆளு எத்தனை, கடை எங்க?’ன்னு ஊர்க்கதை கேட்டிருந்தா அவன் அங்கனயே தெணறிருப்பான்.

2023 டிசம்பர் ஞாபகம் இருக்கா? 17-ஆம் தேதி ஞாயித்துக்கெழமை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ரெண்டு கரையும் கொள்ளாமப் போவுது. ஜங்ஷன் முங்கிட்டு. திருச்செந்தூர்லருந்து மெட்ராசுக்குப் பொறப்பட்ட ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நூத்துக்கணக்கான சனத்தோட நின்னுட்டு. திங்கக்கெழமை காலையில 9.15-க்கு வழக்கம்போலச் சந்தை தொறந்தாவ, அவுகளுக்கென்ன. ஒங்க கூட்டத்துல எவன் நிஃப்டி கேட்டான்? வண்ணார்பேட்டையில மாடியில ஒரு ஆச்சி தனியா இருக்கா, படகு எங்க கெடைக்கும்? கைப்புள்ளைக்குப் பாலு யாருகிட்ட இருக்கு? எந்தப் பாலத்துல போவலாம்? மூணு நாளும் அதான் பேச்சு. அதுல ரொம்ப எழுதுனது யாருன்னு பாத்தேன். நீருதான்!

ஆனாலும் சட்டம் போட்ட கை சும்மா இருக்காது. ஒண்ணு பண்ணும். அத அழிச்சிட்டு வேற எழுதும். காலையில 9.15-லருந்து மூணரை வரைக்கும் வெட்டிப் பேச்சு கட்டாயம்னு போடும். ஆத்துத் தண்ணி, ஆடு, மாடு, தேரு, கொடை, சினிமா, எதை வேணும்னாலும் பேசலாம். வாய் ஓடுத நேரம் கை அந்தப் பொத்தானை அமுக்காதுல்லா? அதுக்குப் புரோக்கரேஜ் இல்ல, ஜி.எஸ்.டி. இல்ல. ஒரு வருசம் இப்படி நடத்திட்டு, ஒங்க கூட்டத்து நட்டக் கணக்கை செபிக்கு அனுப்பி வையும். அவுகளே ஆள் அனுப்பி விசாரிப்பாவ, திருநவேலியில என்ன மருந்து கண்டுபிடிச்சிருக்கானுவன்னு.

பங்கு வாங்கணும்னா வாங்கும், யாரு வேண்டாங்கா. மிச்சம் இருக்க துட்டுல வாங்கும், ஆபீசு என்ன, ஆலை என்னன்னு பாத்து வாங்கும், வாங்குனதை மறந்துட்டுச் சோலியப் பாரும். கடன் வாங்கி ஆப்ஷன் ஆடாதேயும். மொகம் தெரியாத அந்தப் பங்குப் புலி தனிக் கணக்குக்குத் துட்டு அனுப்பச் சொன்னாம்னா அனுப்பாதேயும். ஏற்கெனவே அனுப்பித் தொலைச்சிருந்தா, வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே 1930-க்குப் போன் போடும், சைபர் குற்றத்துக்கு உள்ள நம்பரு அது. எனக்குப் போடாதேயும். எங்கிட்டத் துட்டு கெடையாது.