அடுப்படிச் சீலிங்: ஒரு கறையியல் ஆய்வு

அடுப்படிச் சீலிங்கில் படியும் கறை மூவகைப்படும்: புகைக்கறை, பீச்சுக்கறை, கசிவுக்கறை. புகைக்கறையாவது, தாளிப்பும் வடைச்சட்டியும் வருஷக்கணக்கில் சேர்ந்து அடுப்புக்கு நேர்மேலே எழுதியது; விரல் வைத்தால் பிசுபிசுக்கும். பீச்சுக்கறையாவது, குக்கர் குண்டில் பருப்பு அடைத்துச் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்ட அன்று விளைந்தது. நடுவே மஞ்சளாய் அடர்ந்து, சுற்றிலும் புள்ளியாய்ச் சிதறியிருக்கும். கசிவுக்கறை மாடி வீட்டுக் குளியலறையின் கொடை. டபரா வைத்து எடுத்த தடம்போல ஓரம் மட்டும் பழுத்திருக்கும். பல்லி எச்சத்தை நான்காம் வகையாகக் கொள்வாரும் உளர். துடைத்தால் போய்விடுமாதலின் அது கறை எனப்படாது.

இம்மூன்றையும் மறைக்கப் புகுந்த குடும்பம் முதலில் செய்வது, பெயின்ட் கடையில் ஷேடு கார்டை விரித்து ஐவரியா ஆஃப் ஒயிட்டா என்று வாதிடுவது. இவ்வாதம் வீண். கறையின் தலையெழுத்தை முடிவுசெய்வது மேற்பூச்சின் நிறமன்று, அடியில் கிடக்கும் பிரைமர். டிஸ்டெம்பர், எமல்ஷன் போலத் தண்ணீர் கலந்து அடிப்பவை ஈரமாயிருக்கையில் கறையைக் கரைத்து மேலே இழுத்து வந்துவிடும். சாயங்காலம் வெள்ளை, விடிந்தால் பழுப்பு. இன்னொரு கோட் அடித்தாலும் அதே கதை. பிசுக்கின் மேலோ எதுவுமே ஒட்டாது, உரியும். எனவே வாஷிங் சோடா போட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கை அடித்த பிறகே ஐவரியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். பெயின்டர் இதைச் சொன்னால், கூலியைக் கூட்டப் பார்க்கிறார் என்பார்கள்.

சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போட்டு அடித்தால் போதாதோ எனின், போதாது. பருப்புக் கறையில் மஞ்சள் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கூடினால் என்னாகும் என்பது ஆரத்தி கரைத்தவர் அறிந்ததே. மேலும், சுண்ணாம்பு காய்ந்து மிஞ்சும் கால்சியம் கார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, நல்ல பெயின்ட்டின் வெள்ளையான டைட்டானியம் டை ஆக்சைடுக்கோ 2.7. எண் ஏற ஏற ஒளி அதிகம் சிதறி, அடியிலிருப்பது கண்ணுக்கு எட்டாது. இவ்வெள்ளைக்குத் தாதுவான இல்மனைட், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கருமணலாய்க் கிடக்கிறது. புலவர்கள் இதில் முரண்தொடை தேடலாம், பெயின்டருக்கு நேரமில்லை.

சீலிங் முழுவதையும் கறையின் நிறத்திலேயே அடித்துவிட்டால் என்ன என்பது மற்றொரு கொள்கை. எமக்கு உவப்பானதே. ஆயினும் கறை நாளுக்கு நாள் முற்றும், பெயின்ட் அப்படியே நிற்கும். இரண்டு ஆடி கழியுமுன் ஜோடி பிரிந்துவிடும்.

கறையுள்ள இடத்துக்கு மட்டும் அடிப்போம் எனும் சிக்கனவாதிகளுக்கு ஒரு சொல்: பளிச்சென்ற அந்தச் சதுரம் தெரிந்தவுடன் மீதிச் சீலிங் முழுவதும் கறையாகிவிடும். மாடியிலிருந்து ஒழுகுவதை நிறுத்தாமல் எதை அடித்தும் பயனில்லை. 'எங்க பாத்ரூம்ல ஒண்ணுமில்லீங்களே' என்று மேல்வீட்டார் சொல்வதற்கும் பிரைமர் கிடையாது.

ஆயில் பிரைமர் காயும்வரை அடுப்படியில் நிற்க முடியாது. அப்போது சாப்பாட்டுக்கு என்ன வழி என்பது தனி அதிகாரம். அதை எழுதத் தக்கவர் தெருமுனை மெஸ்காரரே.